மேசைக்கு மேலும் அறிவியல் உண்டு

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

பொம்மை என்று நாம் ஒதுக்கிவிடும் சில பொருள்கள், உற்று நோக்கினால், பாடநூலைவிடக் கண்டிப்பான ஆசிரியர்களாக விளங்குகின்றன. அவற்றுள் ஒன்று மாதிரி இரயில்பாதை. அதிலும் குறிப்பாக, அந்தப் பாதையின் ஓரமாகச் செல்லும் கான்கிரீட் சாலை. இரயிலை விட்டுவிட்டுச் சாலையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். இரயிலை எல்லோரும் பார்க்கிறார்கள். சாலையை யாரும் பார்ப்பதில்லை. யாரும் பாராத இடத்தில் ஒருவன் எவ்வளவு உண்மையாக உழைத்திருக்கிறான் என்பதே அவனுடைய அறிவியல் மனப்பான்மைக்கு அளவுகோல் என்பது என் கருத்து.

மாதிரி இரயில் அமைப்பு என்பது கடையில் வாங்கிச் சாவி கொடுத்து ஓடவிடும் விளையாட்டு வண்டி அன்று. அமெரிக்காவில் அது பல்லாண்டுகளாக வேரூன்றிய ஒரு கைவினை. அதற்கென்றே மில்வாக்கி நகரிலிருந்து 'மாடல் ரெயில்ரோடர்' என்னும் திங்களிதழ் 1934-இல் வெளிவரத் தொடங்கியது. அடுத்த ஆண்டே தேசிய மாதிரி இரயில்பாதைச் சங்கம் தோன்றிச் சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்கும் பொது அளவுகளை வகுத்தது. பெரும்பாலோர் கையாளுவது 'எச்.ஓ.' என்னும் அளவு. உண்மையில் ஓர் அடி நீளம் மாதிரியில் 3.5 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 87-இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் ஒரு மேசையின்மீது மலையும் ஆறும் ஊரும் நிலையமும் எழுகின்றன. ஊர் என்றால் சாலை இல்லாமல் இருக்குமா?

கல்லூரி மாணவர்களாகிய நமக்கு இதில் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 1946-இல் ஒரு மாதிரி இரயில் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஸ்டீவன் லெவி 1984-இல் வெளியிட்ட 'ஹேக்கர்ஸ்' என்னும் நூல், கணிப்பொறி ஆர்வலர்களின் வரலாற்றை இந்தச் சங்கத்தின் அறையிலிருந்தே தொடங்குகிறது. அங்கே இரண்டு அணியினர் இருந்தனராம். ஒரு சாரார் மேசைக்கு மேலே வண்டிகளுக்கு வண்ணம் தீட்டி, இயற்கைக் காட்சிகளை அமைத்தவர்கள். மற்றவர் மேசைக்குக் கீழே கம்பிகளையும் தொலைபேசி ரிலேக்களையும் இணைத்து இரயில்களை இயக்கியவர்கள். கீழே படுத்து வேலை செய்தவர்களுள் சிலர்தாம் பின்னர்க் கணிப்பொறித் துறையில் புகழ் பெற்றனர்.

அதனால் என்ன ஆயிற்று? கீழே இருப்பது அறிவியல், மேலே இருப்பது அலங்காரம் என்ற எண்ணம் படித்தவர்களிடையே நிலைத்துவிட்டது. நம் ஊர் அறிவியல் கண்காட்சிகளிலும் இதே நிலைதான். மின்சுற்றுக்குப் பரிசு, அதைச் சுற்றியுள்ள சாலை தெர்மக்கோல் அட்டையில் சாம்பல் வண்ணம் பூசிய ஒரு பட்டை. இந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை. மேசைக்கு மேலே அமையும் ஒரு கான்கிரீட் சாலையும், சரியாகச் செய்தால், மின்சுற்றுக்கு ஒரு சிறிதும் குறையாத அறிவியலே என்பதை இங்கே நிலைநாட்ட முயல்கிறேன்.

அளவு சொல்லும் பாடம்

அமெரிக்காவின் பழைய நாட்டுப்புறக் கான்கிரீட் சாலைகள் பல 18 அடி அகலம் உடையவை. ஒரு தடத்திற்கு 9 அடி. மாதிரியில் இது 63 மில்லிமீட்டர். கம்பி வலை இல்லாத சாலையில் குறுக்கு இணைப்புகள் ஏறத்தாழ 15 அடிக்கு ஒன்றாக வரும், மாதிரியில் 52.5 மில்லிமீட்டருக்கு ஒன்று. இதுவரை கணக்கு எளிது.

இனி, அந்த இணைப்பின் அகலத்தைப் பாருங்கள். உண்மையில் அது கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் 0.07 மில்லிமீட்டர், தலைமயிரின் கனம்! நாம் வழக்கமாகச் செய்வது என்ன? அளவுகோலை வைத்து, பேனாவால் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் கோடு இழுத்துவிடுகிறோம். அந்த ஒரு மில்லிமீட்டர் உண்மை உலகில் மூன்றரை அங்குலப் பள்ளம். மிதிவண்டிச் சக்கரம் அதில் சிக்கி நிற்கும். கண்ணுக்கு ஏதோ பொய்யாகத் தெரிகிறதே என்று பார்ப்பவர் உணர்கிறார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரிவதில்லை. காரணம் அழகுணர்ச்சியில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது.

இடம் போதாதபோது மாதிரி அமைப்பாளர்கள் ஊரைச் சுருக்குவார்கள். பத்துக் கட்டடம் இருக்க வேண்டிய தெருவில் நான்கு நிற்கும். அது குற்றமன்று. நீளத்தைச் சுருக்கலாம், ஆனால் விகிதத்தைச் சுருக்கக் கூடாது. சாலை குட்டையாக முடியலாம். அதன் இணைப்புகள் மட்டும் நெருங்கிவரக் கூடாது. நெருங்கினால் சாலை நடைபாதையாகிவிடும்.

ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம்

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதன் இழுவலிமை அழுத்த வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஈரம் வற்றும்போது அது சுருங்குகிறது. அடியில் உள்ள தரை அதைப் பிடித்து இழுக்கிறது. எனவே விரிசல் விழுகிறது. வெப்பத்தாலும் நீள்கிறது. ஒரு டிகிரி செல்சியசுக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 10 பங்கு என்று கொண்டால், 30 டிகிரி வேறுபாட்டில் 100 அடிப் பலகை 9 மில்லிமீட்டர் நீளும். ஆகவேதான் இணைப்புகள். அவை அழகுக்காக வரைந்த கட்டங்கள் அல்ல.

இன்னொன்று. பகலில் பலகையின் மேற்புறம் சூடேறி விரிகிறது, அடிப்புறம் குளிர்ந்திருக்கிறது. நடுப்பகுதி மேலெழ முயல்கிறது. இரவில் இது தலைகீழாகி, ஓரங்களும் மூலைகளும் மேலே வளைகின்றன. இத்தகைய பலகையில் சுமையால் ஏற்படும் தகைவுகளை வெஸ்டர்கார்டு என்னும் அறிஞர் 1926-இல் கணக்கிட்டுக் காட்டினார். தரையின் தாங்குதல் இல்லாத மூலைமீது கனரக லாரியின் சக்கரம் ஏறினால் மூலை உடைகிறது. அந்த உடைப்பு, இணைப்பிலிருந்து சாலையின் ஓரத்திற்கு மூலையை வெட்டிக்கொண்டு சாய்வாக ஓடும்.

இதை அறிந்தவன் தன் மாதிரிச் சாலையில் மின்னல் கீற்றுப்போல் மனம்போனபடி விரிசல் வரைய மாட்டான். மூலை உடைப்பு மூலையில் வரும். சுருக்க விரிசல் நீண்ட பலகையின் நடுவில் குறுக்காக வரும். இணைப்பின் கீழே நீர் தங்கி, லாரி ஏறும்போதெல்லாம் சேறு பீறிட்டு வெளிவரும் இடத்தில், ஓரம் கறைபடிந்து பலகை சற்றுத் தாழ்ந்திருக்கும். அந்த விரிசல்களுக்குத் தார் ஊற்றி அடைத்த கறுப்புக் கோடு விரிசலைவிட அகலமாக, நெளிந்து செல்லும். ஏனெனில் அதை இயற்கை வரையவில்லை; கையில் தார்க்குவளையுடன் நடந்து சென்ற ஒரு தொழிலாளி வரைந்தான்.

கோடு காட்டும் ஆண்டு

அமெரிக்காவின் முதல் கான்கிரீட் தெரு ஒகையோ மாநிலத்தின் பெல்ஃபோன்டைன் என்னும் சிற்றூரில், ஜார்ஜ் பார்த்தலோமியு என்பவரால் 1891-இல் போடப்பட்டது. டெட்ராய்ட் அருகே உட்வர்டு சாலையில் ஒரு மைல் நீளத்திற்குக் கான்கிரீட் போடப்பட்டது 1909-இல். தொடக்க காலச் சாலைகளில் நடு இணைப்பு இல்லை. ஆகவே சாலையின் மையத்தில் நெளிந்து நெளிந்து ஒரு நீள விரிசல் தானே விழுந்தது. 1920-களின் தொடக்கத்தில் இல்லினாய் மாநிலத்தில் பேட்ஸ் என்னுமிடத்தில் பலவகைத் தளங்களைப் போட்டு, அவற்றின்மீது லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அதன் பின்னரே நடுவில் நேராக ஓர் இணைப்பு விடுவதும் ஓரங்களைத் தடிப்பாக்குவதும் பரவின.

இதன் பொருள் என்ன? மாதிரிச் சாலையின் நடுவில் உள்ள கோடு நெளிந்திருந்தால் அது பழைய சாலை. நேராக இருந்தால் பிந்தியது. ஒரே ஒரு கோடு ஆண்டைச் சொல்லிவிடுகிறது. வண்ணக் கோடும் அப்படியே. எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிக்கும் நடுக்கோடு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்நாடு முழுமைக்கும் விதியானது 1971-இல். அதற்கு முன்னர் வெள்ளை நடுக்கோடே பெருவழக்கு. நீராவி எஞ்சின் புகை கக்கிச் செல்லும் காலத்து ஊரில், இன்றைய நெடுஞ்சாலையின் மஞ்சள் கோடுகளைத் தீட்டிவைப்பது, சங்க காலப் புலவர் கையில் ஊற்றுப்பேனா கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நிறத்திலும் இயற்பியல்

கான்கிரீட் என்றால் சாம்பல் நிறம் என்று நாம் மனப்பாடம் செய்துவிட்டோம். கண்ணைத் திறந்து பார்த்தால் வேறு உண்மை தெரியும். புதுக் கான்கிரீட் வெளிறியது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கருமை ஏறும். தார்ச்சாலையோ கருமையாய்ப் பிறந்து வெளிறிக்கொண்டே போகும். மேற்பரப்பின் சிமெண்டுப் பால் தேய்ந்தபின் மணலும் ஜல்லியும் தம் நிறத்தைக் காட்டும். ஆகவே வட்டாரத்திற்கு வட்டாரம் சாலையின் நிறம் மாறும்.

ஒவ்வொரு தடத்தின் நடுவிலும், இரு சக்கரத் தடங்களுக்கு இடையே, மங்கலான கரும்பட்டை ஒன்று ஓடும். பழைய மோட்டார் வண்டிகளில் எஞ்சினின் எண்ணெய் ஆவி ஒரு குழாய் வழியாக நேரே சாலைமீது விடப்பட்டது. அந்த ஆவியை எஞ்சினுக்குள்ளேயே திருப்பி அனுப்பும் வால்வு 1960-களில்தான் பரவலாயிற்று. எனவே 1950-ஐக் காட்டும் மாதிரியில் அந்தக் கரும்பட்டை அழுத்தமாக இருக்க வேண்டும். வண்டிகள் நின்று புறப்படும் இடங்களில் இன்னும் அழுத்தமாக.

கலிபோர்னியாவின் மான்டெரேயில் வாழ்ந்த ஜான் ஆலன், துருவும் அழுக்கும் தேய்மானமும் மாதிரியின் குறைகள் அல்ல, உண்மைகள் என்பதைத் தம் படைப்பால் பலரை ஏற்கச் செய்தவர். அவர் 1973-இல் மறைந்த சில நாள்களிலேயே அவருடைய மாதிரி இரயில் அமைப்பு தீயில் அழிந்தது. எஞ்சியவை பெரும்பாலும் நிழற்படங்களே. இருந்தும் அந்தக் கருத்து அழியவில்லை.

மேலும் கீழும் சந்திக்கும் இடம்

சாலை தண்டவாளத்தைக் கடக்கும் லெவல் கிராசிங்கிற்கு வருவோம். மாதிரி இரயிலில் இரண்டு தண்டவாளங்களும் மின்சாரத்தைச் சுமக்கின்றன. சக்கரங்கள் அதை எடுத்துக்கொண்டு ஓடுகின்றன. இரு தண்டவாளங்களுக்கு இடையே நிரப்பும் சாலைப் பரப்பு, தண்டவாளத்தின் தலையைவிட இம்மியளவு தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்துவிட்டால் எஞ்சின் தூக்கப்பட்டு மின்தொடர்பு அறும், இரயில் நிற்கும். சக்கரத்தின் விளிம்பு செல்ல உட்புறத்தில் இடைவெளி வேண்டும். மாதிரிச் சக்கரத்தின் விளிம்பு விகிதத்தைவிடத் தடித்தது. ஆகையால் இந்த இடைவெளியை மட்டும் விகிதப்படி வைக்க முடியாது, சற்றுக் கூட்டித்தான் விட வேண்டும். எங்கே விகிதம் கட்டாயம், எங்கே விலக்கு என்று முடிவு செய்வதும் அறிவியல்தானே? மேசைக்கு மேலே வேலை செய்பவனும் கீழே வேலை செய்பவனும் இந்த ஓரங்குல இடத்தில் கைகுலுக்கியே ஆக வேண்டும்.

பட்டம் பெறாத ஆசிரியர்

இவற்றையெல்லாம் யாரிடம் கற்பது? நூல்களில் பாதி கிடைக்கும். மறுபாதியை நான் என் தந்தையாரிடம் பெற்றேன். அவர் ஊராட்சிச் சாலைகளில் கான்கிரீட் போடும் கூலித் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து மாதிரிச் சாலை ஊற்றும் முறையைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இருபுறமும் மரச்சட்டம் வைத்து, நடுவில் ஊற்றி, நேரான பலகையால் இழுத்து மட்டம் செய்து, இறுகும் நேரம் பார்த்துக் கோடு கீற வேண்டும். இது என் தந்தையாரின் அன்றாட வேலை. 87-இல் ஒரு பங்காகக் குறைத்தது, அவ்வளவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கான்கிரீட் சுருங்கும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது மிகச் சிறிதளவு விரியும். எனவே சாலைக்குரிய விரிசலை அது தானாகத் தராது. காரணம் அறிந்து நாம்தான் கீற வேண்டும்.

இணைப்பு எதற்கு என்று அவரைக் கேட்டேன். "கான்கிரீட்டு சுருங்கும்டா. நாம ஒரு எடத்தக் காட்டலைன்னா அதுவா ஒரு எடம் பாத்துக்கும்" என்றார். தகைவு, சுருக்கம், கட்டுப்படுத்தப்பட்ட விரிசல் என்று பல பக்கங்களில் விளக்கப்படுவது இந்த ஒரே வரியில் அடங்கிவிட்டது.

அமெரிக்க மாதிரி அமைப்பு ஒன்றின் படத்தையும் அவரிடம் காட்டினேன். அவர் இரயிலைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துவிட்டு, "தண்ணி எந்தப் பக்கம் போவும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் சாலையின் நடு உயர்வும், ஓரச் சரிவும், ஓரத்தில் மண் படிந்து பழுப்பேறும் காரணமும் அனைத்தும் இருக்கின்றன. மழைநீர் எங்கே போகும் என்று கேட்கத் தெரிந்தவருக்கு, அந்த ஓரத்திற்கு என்ன நிறம் தீட்ட வேண்டும் என்று தனியே சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுப்புகளுக்கு மறுமொழி

இது செல்வர்களின் பொழுதுபோக்கு என்பர் சிலர். எஞ்சினும் பெட்டியும் விலை மிகுந்தவை, மறுக்கவில்லை. ஆனால் சாலைக்கு வேண்டியவை என்ன? சிறிது பிளாஸ்டர், இரண்டு மரச்சட்டம், ஒரு பழைய பிளேடு, நீர்த்த கறுப்பு மை, பொடித்த வண்ணச் சுண்ணக்கட்டி. மாதிரி அமைப்பிலேயே ஏழைக்கு எட்டும் பகுதி இதுதான். கலவையிலேயே சிறிது வண்ணத்தைச் சேர்த்துவிட்டால், பின்னர்க் கீறினாலும் உள்ளே வெள்ளை தெரியாது.

உடைந்த சாலையை வேண்டுமென்றே செய்வது குறையைக் கொண்டாடுவதாகாதா என்பர் வேறு சிலர். இதில் ஓரளவு நியாயம் உண்டு. எல்லாப் பலகையிலும் விரிசல், எல்லா மூலையிலும் உடைப்பு என்று வாரி இறைப்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையன்று, அதுவும் ஒருவகை ஒப்பனையே. காரணமில்லாத பளபளப்பு எவ்வளவு பொய்யோ, காரணமில்லாத விரிசலும் அவ்வளவு பொய். என் கோரிக்கை விரிசலுக்காக அன்று, காரணத்திற்காக.

வெளிநாட்டுச் சாலை நமக்கு எதற்கு என்று கேட்போரும் உளர். கான்கிரீட் சுருங்குவதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. அங்குள்ள சாலையைப் பார்க்கக் கற்றவன் தன் ஊர்ச் சாலையையும் பார்ப்பான். அதில் எங்கே இணைப்பு விடாமல் போயினர், எங்கே தண்ணீர் கட்டாமல் காயவிட்டனர் என்று கேட்பான். கேள்வி கேட்கத் தெரிந்த குடிமகன் நாட்டிற்கு நல்லதுதானே!

நாம் செய்ய வேண்டியது

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கும் சக மாணவர்களுக்கும் இரண்டு கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, இனி நடைபெறும் அறிவியல் கண்காட்சிகளில் எந்த மாதிரியின் முன் நின்றாலும், நடுவர்கள் அதிலுள்ள ஏதேனும் ஒரு கோட்டைத் தொட்டு, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். மின்சுற்றில் ஒரு மின்தடையைக் காட்டி அப்படிக் கேட்கிறோம் அல்லவா? சாலைக்கும் வீட்டுக்கும் மரத்துக்கும் அதே கேள்வி பொருந்தும். பதில் சொல்லத் தெரிந்தால் அது மாதிரி. தெரியாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

இரண்டாவது, மாதிரியின் அருகே வைக்கும் விளக்கப் பலகையில், உதவிய நூல்களின் பெயரோடு, கற்றுக்கொடுத்த தொழிலாளியின் பெயரையும் எழுத வேண்டும். கொத்தனார், தச்சர், சித்தாள், சாலைப் பணியாளர் யாராயினும் சரி. நம்முள் பலருடைய வீடுகளில் இந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். படிக்க வந்த நாம், அவர்களுடைய தொழிலை மறைத்துப் பேசக் கற்றுக்கொள்கிறோமே தவிர, அந்தத் தொழிலுக்குள் இருக்கும் அறிவைக் கேட்டுப் பெறக் கற்றுக்கொள்வதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆனால் தோட்டத்துச் சுரைக்காயை ஏட்டில் ஏற்றுவது பட்டம் படிக்க வந்தவனின் கடமை. அதை அவன் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்?

மேசைக்குக் கீழே கம்பி இணைப்பவர்களை நான் குறைத்து மதிக்கவில்லை. அவர்கள் இல்லாமல் இரயில் ஓடாது. ஆனால் ஓடுகிற இரயில் எந்த ஊருக்குள் ஓடுகிறது, அந்த ஊரின் சாலையை யார் போட்டார்கள், அது ஏன் அங்கே வெடித்திருக்கிறது என்று கேட்பவனும் அறிவியல் மாணவனே. அறுபத்து மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சாலையைப் பொய்யில்லாமல் போடப் பழகுவோம். உண்மையான சாலை போடும் பொறுப்பு நம்மில் ஒருவர் கைக்கு வரும் நாளில் அந்தப் பழக்கம் துணை நிற்கும்.